கடிதத்தை வாபஸ் வாங்கமாட்டேன்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இல்லாதவர்கள் கடந்து போங்கள், குறை நினைக்கமாட்டேன். ஆனால் இதில் ஒரு பந்தியை மட்டும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து குரூப்புகளில் போட நினைப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை வாசித்துவிட்டுப் போடுங்கள். போன கிழமை வந்த பிரச்சினையே அரைகுறையாக வாசித்ததால் வந்ததுதான்.

நடந்தது இது. என்னிடம் சாதாரண தரம் வரை படித்த ஒரு பிள்ளை. உயர்தரத்தில் கலைப்பிரிவு எடுத்தாள், பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. வீட்டில் சும்மா இருக்காமல் அழகுக்கலைப் பயிற்சிக்குப் போனாள். என்.வீ.கியூ. சான்றிதழும் எடுத்தாள். இரண்டு வருஷமாக ஊரிலுள்ள ஒரு ராத்தாவோடு சேர்ந்து கலியாண வீடுகளுக்கு மணப்பெண் அலங்காரத்துக்குப் போகிறாள். கொழும்பில் நடக்கவிருக்கும் ஒரு பெஷன் ஷோவில் மேக்கப் கலைஞர்களுக்கு உதவியாளர்கள் தேவை என்ற விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பித்தாள். குடும்பத்தில் இல்லாத, அவளை நன்றாகத் தெரிந்த ஒருவரின் கடிதம் கேட்டிருந்தார்கள். என்னிடம் வந்தாள், எழுதிக் கொடுத்தேன். பாடசாலையின் கடிதத் தலைப்பில் இல்லை, என் சொந்தப் பெயரில். நேரத்துக்கு வருவாள், கை சுத்தம், வாய் சுத்தம், எடுத்த வேலையைச் சொன்னபடி முடிப்பாள். அவ்வளவுதான் எழுதினேன். அத்தனையும் உண்மை.

அந்தக் கடிதத்தின் படம் எப்படியோ ஊர் வட்ஸ்அப் குரூப்புகளுக்குள் வந்துவிட்டது. யார் போட்டது என்று நான் தேடவில்லை. பிறகு வொய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கின. "டீச்சர்மாரே இப்ப புள்ளையள கூத்துக்கு அனுப்புறாங்க" என்று ஒருவர். "எங்கட ஊர்ப் புள்ள ஒண்டு மேடையில நடக்கப் போறாளாம்" என்று இன்னொருவர். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இரண்டு பெரியவர்கள் வீட்டுக்கே வந்தார்கள். நான் உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். என்னோடு அவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடிதத்தை எழுதியது என் கணவர் என்பது போல அவரோடு பேசினார்கள். "டீச்சரிட்டச் சொல்லி அந்தக் கடிதத்த வாபஸ் எடுக்கச் சொல்லுங்க தம்பி, அதோட பிரச்சின முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு எழும்பினார்கள்.

எடுக்கமாட்டேன். ஏன் என்று அவர்களிடம் சொல்ல எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை. அதனால் இங்கே எல்லோருக்குமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த வேலை என்ன என்று தெரிந்துகொள்வோம். அவள் மேடையில் நடக்கப் போகவில்லை. மேக்கப் உதவியாளரின் வேலை முழுக்க மேடைக்குப் பின்னால். தலைமை மேக்கப் கலைஞர் ஒருவர் இருப்பார். அந்த உடுப்புகளுக்கு எந்த மாதிரி முகம் பொருந்தும் என்று ஆடை வடிவமைப்பாளரோடு பேசி அவர் முன்கூட்டியே முடிவெடுப்பார். ஒரு மொடலின் முகத்தில் செய்து காட்டுவார். உதவியாளர்கள் அதை மற்ற மொடல்களுக்கு அப்படியே செய்ய வேண்டும். இருபது பேர் வரிசையாக வந்தால் இருபது பேருக்கும் ஒரே கண், ஒரே உதடு. ஷோ தொடங்குவதற்குப் பல மணித்தியாலம் முன்பே போய் நிற்க வேண்டும். பிரஷ்களைக் கழுவி வைக்க வேண்டும். ஏற்கெனவே வேறு மேக்கப்போடு ஓடி வரும் பிள்ளையின் முகத்தைத் துடைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். முகத்தின் நிறமும் கழுத்து, காது, கையின் நிறமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேடைக்குப் போகும் கடைசி நிமிஷம் வரை வரிசைக்குப் பக்கத்தில் நின்று வியர்வையை ஒற்றி எடுக்க வேண்டும்.

சுத்தம் இன்னொரு பெரிய பாடம். ஒருவரின் கண்ணுக்குப் போட்ட மஸ்காரா பிரஷை இன்னொருவரின் கண்ணுக்குக் கொண்டுபோகக்கூடாது. லிப்ஸ்டிக்கை நேராக உதட்டில் தேய்க்கக்கூடாது. கொஞ்சம் சுரண்டித் தட்டில் எடுத்து பிரஷால் போட வேண்டும். கண்நோயும் உதட்டுப் புண்ணும் ஆளுக்கு ஆள் தொற்றாமலிருக்கத்தான் இந்த ஒழுங்கு. நம் ஊர்க் கலியாண வீடுகளில் ஒரே லிப்ஸ்டிக் மணப்பெண்ணிலிருந்து மாமி மகள் வரை போவதை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம்.

இப்படிக் கறுப்பு உடுப்பில், சத்தமில்லாமல், எட்டுப் பத்து மணித்தியாலம் நின்ற நிலையில் செய்யும் வேலைக்குத்தான் "கூத்து" என்று பெயர் வைத்தோம்.

"மேக்கப் போட ஊரிலேயே வேலை இருக்கே, கொழும்புக்கு ஏன் போகணும்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஊரில் அவள் ஒரே ஒரு ஆளிடம் படித்தாள். ஒரு மணப்பெண்ணுக்கு இரண்டு மூன்று மணித்தியாலம் எடுத்துச் செய்யப் பழகினாள். அங்கே ஒரு முகத்துக்கு அரை மணித்தியாலமும் கிடைக்காது. கறுப்பு, மாநிறம், வெள்ளை என்று எல்லாத் தோலும் ஒரே நாளில் கைக்கு வரும். இந்தத் தொழிலில் பெரியவர்களின் கைக்குக் கீழே நின்றுதான் ஆட்கள் மேலே வந்திருக்கிறார்கள். தன் பெயரிலேயே அழகுசாதன நிறுவனம் தொடங்கிய சார்லட் டில்பரி, ஆரம்பத்தில் மேரி கிரீன்வெல் என்ற மேக்கப் கலைஞரின் உதவியாளர். முறையான அழகுக்கலைப் படிப்பு இல்லாமல் இந்தத் துறைக்கு வந்த பெட் மெக்ராத், ஜமேக்காப் பூர்வீகம் கொண்ட தாய் தனியாக வளர்த்த பிள்ளை. 2021இல் பிரித்தானியா அவருக்கு "டேம்" பட்டம் கொடுத்தது. நம் நாட்டிலும் கொழும்பு பெஷன் வீக் 2003இல் தொடங்கி இத்தனை வருஷமாக நடக்கிறது. இது ஒரு தொழில். அதற்கென்று படிக்கட்டு இருக்கிறது. அவள் முதல் படியில் கால் வைக்கப் பார்த்தாள்.

அவள் விண்ணப்பித்த ஷோ எது, நடத்துபவர்கள் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். பின்னூட்டத்தில் ஊகம் பண்ணவும் வேண்டாம்.

இனி ஆட்சேபணைகள். மூன்று சொல்லப்பட்டன. மூன்றையும் நான் இலேசாக எடுக்கவில்லை. நானும் தொழுகிறவள், நானும் பெண் பிள்ளை பெற்றவள்.

முதலாவது, அங்கே ஆண்கள் இருப்பார்கள். ஆண் மொடல்களின் முகத்தைத் தொட வேண்டி வரும். உண்மை. அதனால்தான் அவள் தன் விண்ணப்பத்திலேயே, "பெண் மொடல்களுக்கு மட்டும் வேலை செய்வேன், ஹிஜாபுடன் வருவேன், தொழுகைக்குப் பத்து நிமிஷம் வேண்டும்" என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாக எழுதியது. என் கடிதத்தைப் பரப்பியவர்களுக்கு அவளுடைய விண்ணப்பம் கிடைக்கவில்லையா, கிடைத்தும் பிடிக்கவில்லையா என்று தெரியவில்லை.

இரண்டாவது, உடம்பைக் காட்டும் உடுப்புக்கு மேக்கப் போட்டுக் கொடுப்பது தப்புக்குத் துணை போவதில்லையா? இதில் உலமாக்கள் எச்சரிக்கையாகப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். நான் ஆலிமா இல்லை, ஃபத்வா சொல்ல வரவில்லை. அந்தப் பிள்ளைக்கு மனதில் சந்தேகம் இருந்தால் ஒரு ஆலிமிடம் போய்க் கேட்கட்டும், அவர் சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கட்டும். ஆனால் ஊருக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நம்மவர்களின் புடவைக்கடைகளில் நத்தாருக்கும் புதுவருஷத்துக்கும் கண்ணாடிக்குள் தொங்கும் கையில்லாத கவுன்களை யார் கொள்வனவு செய்கிறார்கள்? யார் விற்கிறார்கள்? அந்த இலாபத்தில் வந்த ஸதகாவில் எத்தனை நல்ல காரியம் நடந்திருக்கிறது? அந்த முதலாளிமாரின் வீட்டுக்கு எந்தப் பெரியவரும் போய், "கவுனை வாபஸ் எடுங்க" என்று சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நான் வாயை மூடுவேன். பணக்காரருக்கு வியாபாரம், ஏழைப் பிள்ளைக்குப் பாவம் என்று இருந்தால் மூடமாட்டேன்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். ஹலீமா ஏடன் என்ற பெயர் பலருக்கு ஞாபகம் இருக்கும். கென்யாவின் ககூமா அகதி முகாமில் பிறந்த சோமாலியப் பெண். 2017இல் நியூயோர்க்கில் ஹிஜாபோடு மேடையேறிய மொடல். 2020 நவம்பரில், ஹிஜாப் விஷயத்தில் தான் செய்த விட்டுக்கொடுப்புகளை நினைத்து வருந்தி அந்த மேடைகளை விட்டு விலகினார். அப்போது நம் குரூப்புகளில் "பாருங்கள், திருந்திவிட்டார்" என்று அந்தச் செய்தி சுற்றியது. சுற்றாமல் விடப்பட்ட பாதி ஒன்று உண்டு. அந்தத் துறையில் முஸ்லிம் பெண் ஸ்டைலிஸ்ட்கள் இல்லாததையும் அவர் ஒரு குறையாகச் சொன்னார். தலையை மறைத்த ஒரு பிள்ளை அந்த அறைக்குள் உட்காரும்போது, அவளுக்கு எது முடியும், எது முடியாது என்று தெரிந்த ஒரு கை பக்கத்தில் இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். நம் பிள்ளை அந்தக் கையாக இருக்கலாம்.

மிஃராஜ் இரவு பயான்களில் வருஷா வருஷம் ஒரு சம்பவம் கேட்கிறோம். நபி (ஸல்) அவர்கள் அந்த இரவில் ஒரு நறுமணத்தை நுகர்ந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது, பிர்அவ்னின் மகளுக்குத் தலைவாரிவிட்ட பெண்ணினதும் அவளுடைய பிள்ளைகளினதும் மணம் என்று சொல்லப்பட்டது. கையிலிருந்த சீப்பு விழ, பிஸ்மில்லாஹ் சொல்லி எடுத்தாள். அதனால் அவளுடைய ஈமான் வெளியே தெரிந்தது. பிள்ளைகளோடு அவளைக் கொன்றார்கள். இந்த இடம் வரும்போது பெண்கள் பக்கத்தில் விம்மும் சத்தம் கேட்கும். நானும் அழுதிருக்கிறேன். ஆனால் அவளுடைய தொழில் என்ன என்று நாம் எப்போதாவது யோசித்திருக்கிறோமா? உலகத்திலேயே கெட்டவனுடைய வீட்டில், அவனுடைய மகளுக்குத் தலை அலங்காரம் செய்து கூலி வாங்கியவள். இன்றைக்கு அவள் நம் ஊரில் இருந்தால் நாம் முதலில் ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டிருப்போம்.

இதை ஆதாரமாக வைத்து எல்லாம் கூடும் என்று சொல்ல வரவில்லை. வேலையின் பெயரைக் கேட்டு ஒருத்தியின் ஈமானை அளக்காதீர்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபணை பாதுகாப்பு. பொம்பிளைப் பிள்ளை, தூரம், இரவு. இதில் நான் பெரியவர்களின் பக்கம். ஆனால் அவர்கள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை, பூட்டாகப் போட்டார்கள். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவளைக் கூட்டிப் போக அவளுடைய நானா இருந்தார். அவர் புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலை. இரவில் கடைக்கு மேலே பத்துப் பொடியன்களோடு படுக்கிறார். தங்கச்சியைக் கூட்டிப் போகவும் திருப்பிக் கொண்டுவரவும் அவரால் முடியும். தங்க வைக்கத்தான் இடமில்லை. கொழும்பில் வீடும் காரும் உள்ள நம் ஊர்க்காரர்கள் எத்தனை பேர்? "என் வீட்டில் என் பெண்சாதி பிள்ளைகளோடு மூன்று இரவு தங்கட்டும்" என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ஆட்சேபணை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். தடுக்க வந்த ஆட்கள் நிறைய. இடம் கொடுக்க வந்தவர் ஒருவரும் இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஊர் இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அவளுக்கு அங்கிருந்து பதில் வந்தது. தெரிவு செய்திருந்தார்கள். அதைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். மூன்று நாள் வேலை. காலை 6 மணிக்கு வர வேண்டும். முடியும் நேரம் எழுதப்படவில்லை. பிரஷ்ஷும் மேக்கப் சாமான்களும் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும். பகல் சாப்பாடு உண்டு. தங்குமிடம், பஸ் காசு சொந்தப் பொறுப்பு. சம்பளம் இல்லை. "அனுபவமும் சான்றிதழும் கிடைக்கும்."

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். இத்தனை நாளாக நம் ஊர் பேசிய பேச்சில் ஒருவராவது, "அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குடுக்கிறாங்களாம்?" என்று கேட்கவில்லை. ஹராமா ஹலாலா என்று நூறு பேர் கேட்டோம். கூலியைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்று ஹதீஸ் இருக்கிறது. வியர்வை காய்வதற்குள் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். அந்த விஷயத்தில் ஹராம் எங்கே இருந்தது, நாம் எங்கே தேடிக்கொண்டிருந்தோம்?

இந்தத் தொழிலில் இது வழமை என்பார்கள். உதவியாளர்கள் ஆரம்பத்தில் காசில்லாமல் நிற்பது பல நாடுகளில் நடக்கிறது, எனக்குத் தெரியும். "நாங்கள் கற்பிக்கிறோம், அதுதான் கூலி" என்பது அவர்களின் வாதம். நான் கல்வியியற் கல்லூரியில் ஆசிரியப் பயிற்சி பெற்றவள். கற்றுக்கொண்டிருந்த காலத்தில் எனக்குத் தங்க இடம் தந்தார்கள், மாதாமாதம் ஒரு கொடுப்பனவும் தந்தார்கள். பெரிய தொகை இல்லை, ஆனால் வாப்பாவிடம் பஸ் காசு கேட்காமல் படித்தேன். கற்றுக்கொள்பவருக்கும் வயிறு இருக்கிறது. மண்டபத்துக்கு வாடகை கொடுக்கிறார்கள், லைட்டுக்குக் கொடுக்கிறார்கள், பந்தலுக்கும் பூவுக்கும் கொடுக்கிறார்கள். முகத்தைச் செய்த கைக்கு மட்டும் சான்றிதழா?

இந்த நாட்டில் 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் வேலையாட்களுக்கு ஆகக்குறைந்த நாட்கூலி 400 ரூபா என்று வைத்தார்கள். அது கூடிக் கூடி 2025 ஏப்ரலில் இருந்து 1,080 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் இருந்து 1,200 ரூபாவாகவும் ஆக்கப்பட்டது. ஒரு நாள் உழைப்புக்கு நாடு வைத்திருக்கும் அடிமட்ட விலை அது. அவளுடைய மூன்று நாளுக்கு அதுகூட இல்லை. சீட்டுக் காசில் வாங்கிய சாமான்களையும் அவளே கொண்டுபோக வேண்டும். 2022க்குப் பிறகு இந்தச் சாமான்களின் விலை என்ன என்று கடையில் போய்க் கேட்டுப் பாருங்கள்.

கொழும்புக்காரரை மட்டும் திட்டிவிட்டு முடிக்க எனக்கு முகமில்லை. என் தங்கச்சியின் கலியாணத்துக்கு வெளியூரிலிருந்து ஒரு பியூட்டிஷனைக் கூப்பிட்டோம். ஒரு நாளைக்கு 45,000 ரூபா. அவரோடு ஒரு உதவிப் பிள்ளை வந்தது. சுபஹ் தொழுகைக்குப் பின் வந்து லுஹர் தாண்டும் வரை அந்தப் பிள்ளை உட்காரவில்லை. முந்தானைக்கு ஊசி குத்தியது அது, தலைக்குப் பூ வைத்தது அது. நாங்கள் எல்லோரும் சாப்பிட்டு, சஹன்களைக் கழுவ எடுக்கும்போதுதான், "அந்தப் புள்ள சாப்பிட்டாளா?" என்று உம்மா கேட்டா. சாப்பிடவில்லை. அவளுடைய கைக்கு எவ்வளவு போனது என்று நான் கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை. எனக்கு வராத கேள்வியைத்தான் இன்று ஊரிடம் எதிர்பார்க்கிறேன் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன்.

இன்னொரு பெயரையும் சொல்ல வேண்டும். மூதூர் றிஸானா நபீக். 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போன பிள்ளை. வயதைக் கூட்டிய கடவுச்சீட்டோடு அனுப்பினார்கள். 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே அழுதது, நாமும் குனூத் ஓதினோம், துஆச் செய்தோம். தெரியாத நாட்டில், தெரியாத வீட்டில், மஹ்ரம் இல்லாமல் வேலைக்குப் போன பெண்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். அவர்கள் போகும்போது "கூத்து" என்று யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தத்தை எடுத்து வாசித்துக் கொடுத்தவர்களும் இல்லை. வறுமை தள்ளும்போது கண்ணை மூடிக்கொள்கிறோம். ஒரு பிள்ளை தன் கைத்தொழிலை நம்பித் தானாக ஒரு அடி எடுத்து வைத்தால் மட்டும் கண்ணைத் திறக்கிறோம். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். என்ன வேலை, என்ன கூலி, எங்கே தங்குவாய், எப்படித் திரும்புவாய், எழுத்தில் இருக்கிறதா?

அதனால் இந்த வேலைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களின் உம்மா வாப்பாமாருக்கும் சில விஷயங்கள். அவளோடு உட்கார்ந்து நானும் படித்துக்கொண்டது.

1. விண்ணப்பத்தை மேக்கப் குழுவை நடத்தும் தலைமைக் கலைஞருக்கே அனுப்புங்கள். ஆடை வடிவமைப்பாளருக்கு அனுப்பினால் அது அங்கேயே கிடக்கும். கடிதம் சின்னதாக இருக்கட்டும். யார், எங்கே படித்தேன், எத்தனை வருஷ அனுபவம், எந்தெந்த நாள் வர முடியும். நாலு வரி போதும்.

2. படங்கள் எட்டுப் பத்துப் போதும். பில்டர் போட்ட படம் வேண்டாம். தோல் தோலாகத் தெரிய வேண்டும். மேக்கப் போட முன்னும் பின்னும் எடுத்த படங்கள் நல்லது. மாநிறமும் கறுப்பும் கட்டாயம் இருக்கட்டும். மணப்பெண்ணை மூன்று நிறம் வெளுப்பாக்கிய படத்தை அனுப்பாதீர்கள். முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம் என்றால் தெரிந்தவர்கள் முதல் பார்வையிலேயே ஒதுக்கிவிடுவார்கள். படத்திலுள்ள பெண்ணிடம் அனுமதி கேட்காமல் ஒரு படமும் போகக்கூடாது. நம் மணப்பெண்களின் படம் அமானிதம்.

3. மார்க்க விஷயத்தில் உங்கள் எல்லைகளை முதலிலேயே எழுதுங்கள். பெண்களுக்கு மட்டும், புருவம் பிடுங்கமாட்டேன், தொழுகை நேரம், ஹிஜாப். அங்கே போய் நின்றுகொண்டு சொன்னால் உங்களுக்கும் கஷ்டம், அவர்களுக்கும் கஷ்டம். ஒத்துக்கொள்ளாதவர்கள் வேண்டாம் என்பார்கள். பரவாயில்லை, ரிஸ்க் அவர்களின் கையில் இல்லை.

4. வேலை தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் கேளுங்கள். கூலி, பயணம், சாப்பாடு, தங்குமிடம் நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். வட்ஸ்அப்பில் எழுதினாலும் எழுத்துத்தான். வாய்ப்பேச்சு வேண்டாம்.

5. சம்பளமே இல்லையென்றால், குறைந்தது பஸ் காசும் தங்குமிடமும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவில்லை. கேட்டதற்காகக் கோபிக்கிறவரிடம் போகாமலிருப்பது நல்லது.

6. சொந்தச் சாமான்களைக் கொண்டுபோனால் ஒரு தாளில் எழுதி, படம் எடுத்து வையுங்கள். பத்துப் பேரின் பிரஷ் ஒரே மேசையில் கிடக்கும். உங்களுடையதில் ஒரு நிறத்தில் டேப் சுற்றுங்கள்.

7. யாராவது முன்பணம் கேட்டாலோ, உங்களுடைய முழு உருவப் படம் கேட்டாலோ, தனியாக வீட்டுக்கோ ஹோட்டல் அறைக்கோ வரச் சொன்னாலோ அந்த இடத்தோடு நிறுத்துங்கள். மேக்கப் போடுகிறவருக்கு உங்கள் கைவேலையின் படம் போதும், உங்கள் படம் தேவையில்லை.

அவளும் அப்படித்தான் செய்தாள். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பதில் எழுதினோம். முடியும் நேரம், தங்குமிடம், பஸ் காசு, ஒரு நாளுக்கு ஒரு தொகை. மரியாதையாக, நாலு வரியில். அனுப்பும்போது அவளுடைய கை நடுங்கியது. "டீச்சர், இதக் கேட்டா வேணாம் எண்டுருவாங்களோ?" என்றாள். "என்டா என்னம்மா, கேட்டவள் என்டு பேரு இருக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர எனக்கும் பயம்தான்.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பில், "என்னவாகப் போறீங்க?" என்று நான் கேட்டபோது இந்தப் பிள்ளை எழும்பி நின்று இதைத்தான் சொன்னாள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "நல்லா படிச்சு டீச்சராகுங்க" என்று சொல்லி உட்கார வைத்தேன். அன்று நான் இன்னொரு விதமாகச் சொல்லியிருந்தால் இரண்டு வருஷம் முன்பே இந்தப் பதிலை எழுதப் பழகியிருப்பாள். டொக்டர், இன்ஜினியர், டீச்சர் என்ற மூன்று சொல்லுக்குள் பிள்ளைகளை அடைக்கிறோம். அடைபடாத பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வார்த்தை, ஒரு கடிதம், ஒரு ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டும் ஆள், எதுவும் இல்லை.

பதில் வந்ததா, அவள் போகிறாளா என்று இன்பொக்ஸில் கேட்க வேண்டாம். அது அவளுடைய வீட்டு விஷயம். அவளும் உம்மாவும் நானாவும் பேசி முடிவெடுப்பார்கள். போகாமல் விட்டாலும் அது அவள் எடுத்த முடிவாக இருக்க வேண்டும், குரூப்பில் எடுத்த முடிவாக இருக்கக்கூடாது.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். கொழும்பில் வீடுள்ள நம் ஊர்க் குடும்பங்களில், வேலைக்கோ நேர்முகத் தேர்வுக்கோ வரும் பெண் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு இரவு இடம் கொடுக்கக்கூடியவர்கள் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள். ஒரு பட்டியல் வைத்துக்கொள்வோம். பகிரங்கமாகப் போடமாட்டேன். அடுத்தது, நாளைக்கே உங்கள் வீட்டில் கலியாணம் என்றால், பியூட்டிஷனோடு வரும் அந்தச் சின்னப் பிள்ளையின் பெயரைக் கேளுங்கள். அவளுக்கு முதலில் சாப்பாடு கொடுங்கள். அவளுடைய கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த அந்த இரண்டு பெரியவர்களுக்கும் ஸலாம். நீங்கள் என் வாப்பாவின் வயதுக்காரர்கள், உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. திரும்பவும் வாருங்கள். இந்த முறை கடிதம் எழுதியவளோடு பேசுங்கள். தேத்தண்ணி நான்தான் ஊற்றுவேன், ஊற்றிவிட்டு முன்னால் வந்து உட்காருவேன். கடிதம் மட்டும் அப்படியே இருக்கும்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.